காளை கறக்காது, கணக்கு சொல்லும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், சிவகிரியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மூணு மணிக்கு மேல உங்களில் ஒருத்தரையும் உட்கார வைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். கட்டுத்தறியில மாடு கத்த ஆரம்பிச்சிரும். அதனால நேரா விஷயத்துக்கு வாரேன். நல்ல கறவை மாடு எப்படி உருவாகுது, அதுக்கும் நாம எழுதுற நோட்டுக்கும் என்ன சம்பந்தம், இதுதான் இன்னைக்குப் பேச்சு.

முதல்ல நம்ம நோட்டைப் பத்தி. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. அதுக்கு முன்னாடி ஒரு ஏழைப் பொம்பளை வங்கிக்குப் போனா, சொத்து இருக்கா, ஜாமீன் யாருன்னுதான் கேட்பாங்க. இன்னைக்கு நம்ம குழு போய் நின்னா என்ன கேட்கிறாங்க? தீர்மானப் புத்தகம் எங்கே, சேமிப்புப் பேரேடு எங்கே, கடன் திருப்பின கணக்கு எங்கே? முகத்தைப் பார்த்து, சொத்தைப் பார்த்துக் கொடுத்த கடனை, புத்தகத்தைப் பார்த்துக் கொடுக்க வச்சது நாமதான். வாரம் பத்து ரூபாய், இருபது ரூபாய்னு விடாம எழுதின அந்த எழுத்துதான் நமக்கு ஜாமீன்.

இந்தப் பழக்கத்தை அப்படியே மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டு போங்கன்னுதான் நான் கேட்க வந்திருக்கேன்.

நாம மாட்டை எப்படிப் பார்த்து வாங்குறோம்? சுழி பார்க்கிறோம். மடி பார்க்கிறோம், காம்பு பார்க்கிறோம், வயித்துக்கடியில் ஓடுற பால் நரம்பைத் தடவிப் பார்க்கிறோம். தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுறார். "பன்னெண்டு லிட்டர் கறக்கும் தாயி, என்னை நம்பு"ங்கிறார். சந்தைக்கு வர்றதுக்கு முந்தின வேளை பாலைக் கறக்காம விட்டா எந்த மடியும் பெருசாத்தான் தெரியும். அந்த மாட்டோட தாய் எவ்வளவு கறந்தது, அது எந்தக் காளைக்குப் பிறந்தது, போன ஈத்துல எத்தனை மாசம் கறந்தது, திரும்பச் சினை பிடிக்க எத்தனை ஊசி ஆச்சு? இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. பிள்ளைக்கு வரன் பார்த்தா ஏழு தலைமுறை விசாரிக்கிறோம். அறுபதாயிரம், எழுபதாயிரம் கடன் வாங்கி மாடு பிடிக்கிறப்ப ஒரு தலைமுறைகூட விசாரிக்க வழி இல்லை. ஏன்னா யாரும் எழுதி வைக்கலை.

சரி, நம்ம வீட்டிலேயே நிக்கிற மாட்டையாவது நமக்குத் தெரியுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வீட்டில் ரெண்டு மாடு இருக்குன்னு வச்சுக்குவோம். முதல் மாடு கன்னு போட்டதும் நாளைக்கு 12 லிட்டர் கறக்குது. தெருவே பேசுது. ஆனா ரெண்டாம் மாசம் 11, அடுத்து 9, 6, 4, ஆறாம் மாசம் 2. அத்தோட வத்திருது. ரெண்டாவது மாடு 9 லிட்டருக்கு மேல ஏறவே இல்லை. ஆனா 9, 9, 8, 8, 7, 7, 6, 5, 4, 3ன்னு பத்து மாசம் நின்னு கறக்குது. எது நல்ல மாடுன்னு கேட்டா, பார்த்தவங்க பன்னெண்டு லிட்டர் மாட்டைத்தான் சொல்லுவாங்க.

மாசத்துக்கு 30 நாள்னு பெருக்கிப் பாருங்க. முதல் மாடு அந்த ஈத்துல கொடுத்தது 1,320 லிட்டர். ரெண்டாவது மாடு 1,980 லிட்டர். 660 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 30 ரூபாய்னு வச்சாலும் 19,800 ரூபாய். அது ஒரு பிள்ளையோட படிப்புச் செலவு. இப்போ வீட்டில் ஒரு முடை வருது, ஒரு மாட்டை வித்தாகணும். நோட்டு இல்லாத வீட்டில் எதை விப்பாங்க? பேர் இல்லாத ரெண்டாவது மாட்டைத்தான். அதோட கிடேரிக் கன்னும் சேர்ந்து போயிரும். நல்ல வித்து வீட்டை விட்டுப் போனது யாருக்கும் தெரியவும் தெரியாது.

இதுக்குத்தான் உலகம் முழுக்கக் கறவைப் பதிவுன்னு ஒண்ணு நடக்குது. தினமும் அளக்க வேண்டியதில்லை. மாசத்துக்கு ஒரு நாள், காலைக் கறவையையும் மாலைக் கறவையையும் அளந்து எழுதணும். கன்னு போட்டு சீம்பால் முடிஞ்ச பிறகு தொடங்கி, வத்துற வரைக்கும் மாசா மாசம். பத்து, பதினோரு தடவை எழுதினா ஒரு ஈத்தோட மொத்தப் பாலையும் ஏறக்குறைய சரியாக் கணக்குப் போட்டுரலாம். எல்லா மாட்டையும் ஒரே தட்டில் வச்சு ஒப்பிடுறதுக்காக 305 நாள் கறவைன்னு ஒரு பொது அளவு வச்சிருக்காங்க.

இதை முதல்ல செஞ்சது பெரிய பண்ணைக்காரங்கன்னு நினைக்காதீங்க. டென்மார்க் நாட்டில் வேயன்னு ஒரு ஊர். 1895-ல் அந்த ஊர் விவசாயிகள் ஒண்ணாச் சேர்ந்து, ஆளுக்கொரு பங்கு காசு போட்டு, வீடு வீடாப் போய்ப் பாலை அளந்து கொழுப்பைச் சோதிச்சு எழுதுறதுக்குன்னே ஒருத்தரை வேலைக்கு வச்சாங்க. பால் பதிவுக்காக அமைஞ்ச முதல் சங்கம் அதுதான்னு சொல்லுவாங்க. நாம குழுவுக்கு ஊக்குநர் வச்சு, கணக்கு எழுத ஆள் வச்சுச் செய்யுற வேலை மாதிரியேதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கன்னுக்குட்டியோட வித்து எங்கிருந்து வருது? பாதி தாய்கிட்ட இருந்து, பாதி தகப்பன்கிட்ட இருந்து. தாய் நம்ம தொழுவத்தில் நிக்குது, அது கறக்கிறதை அளந்து பார்க்கலாம். தகப்பன் எங்கேயோ இருக்கிற காளை. நமக்கு வர்றது கால் மில்லி கொள்ளுற ஒரு சின்னக் குச்சி. மைனஸ் 196 டிகிரி குளிர்ல, திரவ நைட்ரஜன்ல வச்சுக் கொண்டுவந்து டாக்டர் ஊசி போடுறார். அந்தக் காளை நல்ல காளைன்னு எப்படித் தெரியும்? திமிலைப் பார்த்தா, கொம்பைப் பார்த்தா, உயரத்தைப் பார்த்தாத் தெரியுமா? காளை பால் கறக்காதே!

ஒரே வழிதான் இருக்கு. அதோட மகள்கள் கறக்கிறதைப் பார்க்கணும்.

இதைச் சந்ததிப் பரிசோதனைன்னு சொல்லுவாங்க. இளங்காளைகள் பலதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொண்ணோட உறைவிந்தையும் பல ஊர்களுக்குப் பிரிச்சு அனுப்பி ஊசி போடுவாங்க. பிறக்கிற கிடேரிகளுக்குக் காதுல வில்லை போட்டு, எந்தக் காளையோட மகள்னு பதிஞ்சு வைப்பாங்க. அந்தக் கிடேரி வளர்ந்து, சினையாகி, தலையீத்து ஈன்று கறக்க ஆரம்பிச்சதும், மாசா மாசம் ஆள் வந்து அளந்து எழுதுவாங்க. கொழுப்புக்கும் மாதிரி எடுப்பாங்க. ஒரு காளைக்குப் பத்துக்கணக்கான மகள்களோட கணக்கு சேர்ந்த பிறகுதான், இந்தக் காளை உசத்தி, அந்தக் காளை கழிவுன்னு முடிவு சொல்லுவாங்க.

எவ்வளவு காலம் ஆகும்? சினைக்காலம் ஒன்பது மாசம் பத்து நாள். கிடேரி நல்லா வளர்ந்து ஒன்றரை வயசுல ஊசி போட்டா, ரெண்டே கால் வயசு தாண்டித் தலையீத்து. அதுக்கு மேல பத்து மாசக் கறவை. எல்லாம் ஒழுங்கா நடந்தாலே நாலு வருஷம். நம்ம ஊர்ப் பக்கம் கிடேரி பருவத்துக்கு வர்றதே தள்ளிப் போகுது, ஆக அஞ்சு, ஆறு வருஷம்னு வச்சுக்கோங்க. இவ்வளவு பொறுமையா ஏன் காத்திருக்கணும்? ஒரு மாடு ஆயுசுக்கு ஏழெட்டுக் கன்னு போட்டாலே பெருசு. ஒரு காளையோட குச்சி வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் ஊர் ஊராப் போகுது. ஒரு காளையோட மகள்கள் சராசரியா 2,200 லிட்டரும், இன்னொரு காளையோட மகள்கள் 1,900 லிட்டரும் கறக்குதுன்னு வச்சுக்குவோம். ஒரு மகளுக்கு 300 லிட்டர் வித்தியாசம். ஆயிரம் மகள்னா ஒரே ஈத்துல 3 லட்சம் லிட்டர். காளையைத் தப்பாத் தேர்ந்தெடுத்தா நட்டம் ஒரு வீட்டோட நிக்காது, ஒரு வட்டாரமே சுமக்கும்.

இந்த வேலை நம்ம நாட்டில் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. மலைக்கு அந்தப் பக்கம், புளியரை தாண்டி ஆரியங்காவு இறங்கினா கேரளா. அங்கே இடுக்கி மாவட்டம் மாட்டுப்பட்டியில் 1963-ல் சுவிட்சர்லாந்து நாட்டு உதவியோட ஒரு திட்டம் தொடங்குச்சு. அதிலிருந்து வளர்ந்ததுதான் கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம். உள்ளூர்ப் பசுவையும் சுவிஸ் நாட்டுப் பழுப்பு இனக் காளையையும் கலந்து, பிறகு ஜெர்சி, பிரீசியன் வித்தும் சேர்த்து, சுனந்தினின்னு ஒரு கலப்பினத்தை உருவாக்கினாங்க. அதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு: அங்கேயும் வீட்டுக்கு ஒண்ணு, ரெண்டு மாடுதான். பெரிய பண்ணை கிடையாது. ஒண்ணு ரெண்டு மாடு வச்சிருந்த வீடுகள்ல அளந்த கணக்கை வச்சுத்தான் காளைகளைத் தேர்ந்தெடுத்தாங்க.

நம்ம மாநிலத்தில், தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் நடத்தின தேசியப் பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில், 2011-12-க்குப் பிறகு, ஜெர்சி கலப்பினக் காளைகளுக்கான சந்ததிப் பரிசோதனையை நம்ம ஆவின் இணையம் ஏற்று நடத்துச்சு. ஊட்டியில் ஆவினோட ஜெர்சிப் பொலிகாளைப் பண்ணையும் உறைவிந்து நிலையமும் இருக்கு. உலக வங்கி உதவியோட நடந்த திட்டம் அது. பணம் எங்கிருந்து வந்தாலும், அந்தக் கணக்கு வந்தது தமிழ்நாட்டுக் கிராமத்துத் தொழுவங்கள்ல இருந்துதான்.

ஏன் அரசுப் பண்ணையிலேயே மகள்களை வச்சு அளந்து பார்க்கக்கூடாதுன்னு நீங்க கேட்கலாம். நல்ல கேள்வி. பண்ணையில் பசும்புல் உண்டு, அடர்தீவனம் உண்டு, விசிறி உண்டு, டாக்டர் பக்கத்திலேயே உண்டு. நம்ம மாடு சித்திரை வெயிலில் ஓலைக் கொட்டகையில நிக்குது. வைக்கோலும் கரும்புத் தோகையும் கொஞ்சம் தவிடு புண்ணாக்கும் தின்னு கறக்கணும். இங்கே கறக்கிற மகளைப் பெத்த காளைதான் நமக்கு வேணும். அது இங்கே அளந்தாத்தான் தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கு. ஒரு வீட்டில் தீவனம் நல்லா வைப்பாங்க, ஒரு வீட்டில் முடியாது. ஒரே வீட்டு மகளை மட்டும் பார்த்தா, அது கறக்கிறது வித்தாலயா, வைக்கிற தீவனத்தாலயான்னு பிரிக்க முடியாது. ராயகிரியில் ரெண்டு, தென்மலையில் ரெண்டு, தேவிபட்டணத்தில் மூணு, விஸ்வநாதப்பேரியில் ஒண்ணுன்னு பல ஊர்ல, பல வீட்டில், வசதி உள்ள வீடு, இல்லாத வீடு எல்லாத்திலயும் மகள்கள் இருந்தா, வீட்டு வித்தியாசம் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிரும். மிச்சம் நிக்கிறது காளையோட வித்து. ஒரு மாடு, ரெண்டு மாடு வச்சிருக்கிறது நம்ம பலவீனம்னு நினைச்சோம். பல வீடு ஒண்ணாச் சேர்ந்து ஒழுங்கா எழுதினா அதுவே பலமாயிரும். பல வீட்டை ஒண்ணாச் சேர்க்கிற வேலை நம்ம கூட்டமைப்பை விட யாருக்குத் தெரியும்?

இதுல ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கு, அதையும் மறைக்காமப் பேசணும். நாம உண்மையான அளவைச் சொல்ல மாட்டோம்.

"யக்கா, உன் மாடு எவ்வளவு கறக்குது?"ன்னு கேட்டுப் பாருங்க. "அது கெடக்கு மதினி, ஏதோ கறக்குது"ம்பாங்க. கண்ணு பட்டுரும்னு பயம். நல்லாக் கறக்கிற மாடு மறுநாள் மடி வீங்கி நின்னா யார் மனசுதான் தாங்கும்? வேற சில வீட்டில், கணக்கைச் சொன்னா ஏதாவது சலுகை போயிருமோன்னு குறைச்சுச் சொல்றாங்க. மாட்டை விக்கிற நினைப்பு இருக்கிறவங்க கூட்டிச் சொல்றாங்க.

கண் திருஷ்டிக்கு நான் குறுக்க வரலை. மிளகாய் சுத்திப் போடுங்க, படிகாரம் கட்டுங்க, கழுத்துல கறுப்புக் கயிறு கட்டுங்க. நோட்டுல மட்டும் உள்ளதை எழுதுங்க. நோட்டை ஊர் முழுக்கக் காட்ட வேண்டியதில்லை. நம்ம சேமிப்புப் புத்தகத்தை யாருக்குக் காட்டுறோமோ அவங்களுக்குக் காட்டினாப் போதும். ஆனா பொய் எழுதினா என்ன ஆகும்னு மட்டும் யோசிங்க. குழுவில் ஒருத்தி தவணை கட்டாமலே கட்டினதா எழுதினா, மொத்தக் குழுவோட தரமும் பொய்யாயிருது இல்லையா? அதே மாதிரி, எட்டுக் கறக்கிற மகளுக்குப் பன்னெண்டுன்னு எழுதினா, கழிக்க வேண்டிய காளை தேறிரும். அதோட குச்சி ஆயிரம் வீட்டுக்குப் போகும். நாலு வருஷம் கழிச்சு அந்த ஆயிரம் வீட்டிலும் கறவை குறைஞ்ச கிடேரி நிக்கும். அதுல நம்ம வீட்டுக் கிடேரியும் ஒண்ணா இருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். வித்து நல்லா இருந்தா எல்லாம் சரியாயிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மாட்டுக்கு மாடு பால் அளவில் இருக்கிற வித்தியாசத்தில் சுமார் கால் பங்குதான் வித்தால் வருது. மிச்சம் தீவனம், தண்ணி, நோய், பராமரிப்பு. நல்ல நெல்லை விதைச்சுட்டுத் தண்ணி பாய்ச்சலைன்னா என்ன விளையும்? நல்ல காளையோட மகளுக்குத் தாது உப்புக் கலவை வைக்காம, குடற்புழு மருந்து கொடுக்காம, நாளெல்லாம் குடிக்கத் தண்ணி வைக்காம விட்டா அதுவும் மூணு லிட்டர்தான் கறக்கும். வரப்போரம் நாலு வரிசை கோ-4, கோ-5 புல்லு நட்டா அடுத்த மாசத்துக்கு அடுத்த மாசமே பால்ல தெரியும். அப்போ வித்தைப் பத்தி ஏன் இவ்வளவு பேச்சுன்னா, தீவனத்தைத் தினம் தினம் வாங்கி வைக்கணும். வைக்காத அன்னைக்குப் பலன் நின்னுரும். நல்ல வித்து ஒரு தடவை வீட்டுக்குள்ள வந்தா மகளுக்குப் போகும், பேத்திக்குப் போகும். ஒண்ணு தினக்கூலி, இன்னொண்ணு சேமிப்பு. நமக்கு ரெண்டும் வேணும்.

புதுசா வர்றதைப் பத்தியும் கேள்விப்பட்டிருப்பீங்க. பெண் கன்னே பிறக்கிறதுக்குன்னு பிரிச்செடுத்த விந்தூசி வந்திருக்கு. பத்துக்கு ஒன்பது கிடேரியாப் பிறக்க வாய்ப்பு உண்டு. நல்லதுதான், ஆனா பிறக்கிற கிடேரி எந்தக் காளையோட மகள்ங்கிற கேள்வி அப்படியேதான் இருக்கு. அடுத்து, 2024 அக்டோபர்ல நாட்டு மாடுகளுக்கான மரபணுச் சில்லு ஒண்ணை மத்திய அரசு வெளியிட்டுச்சு, எருமைக்குத் தனியா ஒண்ணு. கன்னா இருக்கும்போதே மாதிரி எடுத்துச் சோதிச்சு, அது எப்படிப்பட்ட மாடா வரும்னு கணிக்கிற முறை இது. அஞ்சு வருஷக் காத்திருப்பைக் குறைக்கும். "அப்போ இனிமே அளக்கவே வேண்டாமே"ன்னு தோணும். அந்தச் சில்லுக்கு எது நல்லது எது கெட்டதுன்னு சொல்லிக் கொடுக்கிறதே, ஆயிரக்கணக்கான தொழுவங்கள்ல அளந்து எழுதின பால் கணக்குதான். கணக்கு பொய்யானா சில்லும் பொய்தான் சொல்லும்.

இப்போ நாம செய்ய வேண்டியது என்ன? பெரிய செலவு ஒண்ணும் இல்லை. மாட்டுக்கு ஒரு பக்கம்னு ஒரு நாப்பது பக்க நோட்டு, குழுவுக்கு ஒரு தொங்கு தராசு, ஒரு வாளி போதும்.

முதலாவது, காது வில்லை எண். 12 இலக்கம். அதுதான் மாட்டோட ஆதார். பாரத் பசுதன்னு மத்திய அரசோட கணினிப் பதிவில் மாடு இந்த எண்ணில்தான் இருக்கு. காப்பீட்டுக்கும் இதுதான் அடையாளம். வில்லை விழுந்துட்டா அன்னைக்கே மருந்தகத்தில் சொல்லி மாத்துங்க.

ரெண்டாவது, சினை ஊசி போட்ட தேதியும் காளை எண்ணும். ஊசி போட்டு முடிச்சதும் குச்சியைத் தூக்கிப் போட்டுருவாங்க. அதுல பொடி எழுத்துல காளை எண், இனம், எந்த நிலையம்னு அச்சடிச்சிருக்கும். "அந்தக் குச்சியைக் கொடுங்க"ன்னு கேட்டு வாங்கி எண்ணை எழுதி வைங்க. கேட்கிறதுக்கு வெட்கப்படாதீங்க. தாய்க்குப் போட்ட அதே காளையோட ஊசி மகளுக்கும் விழுந்தா, தகப்பனுக்கே மகளைக் கட்டி வச்ச கதையாயிரும். கன்னு நோஞ்சானாப் பிறக்கும், சினை நிக்காது. அந்த எண் இருந்தா, "இது வேண்டாம், வேற காளை போடுங்க"ன்னு நாமே சொல்லலாம்.

மூணாவது, சினைப் பரிசோதனை செஞ்ச தேதி, கன்னு போட்ட தேதி, கன்னு கிடேரியா காளையா. ரெண்டு ஈத்துக்கு நடுவில் எத்தனை மாசம்னு இதிலிருந்து தெரிஞ்சுரும். பதிமூணு, பதினாலு மாசத்துக்கு ஒரு கன்னுன்னா நல்ல மாடு. பதினெட்டு, இருபது மாசம் ஆகுதுன்னா எவ்வளவு கறந்தாலும் யோசிக்க வேண்டிய மாடு.

நாலாவது, மாசம் ஒரு நாள் கறவை அளவு, காலையும் மாலையும். குழுக் கூட்டம் நடக்கிற தேதிக்கு முந்தின நாள்னு வச்சுக்கோங்க, மறக்காது. அன்னைக்குக் கன்னைப் பால் சுரக்க மட்டும் விட்டு, பிறகு முழுசாக் கறந்து அளக்கணும். வீட்டுக்கு எடுத்தது, காப்பிக்கு எடுத்தது எல்லாம் சேர்த்துத்தான். படியில், செம்பில் அளந்தா நுரை ஏமாத்திரும். நுரை அடங்கின பிறகு அளக்கணும், இல்லைன்னா தராசில் நிறுத்தே எழுதுங்க. ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், 1.03 கிலோ.

அஞ்சாவது, நோய் வந்தது, மருந்து கொடுத்தது, தடுப்பூசி போட்டது, கறவை வத்தின தேதி. மடிநோய் வந்த மாசத்தில் பால் குறைஞ்சா அது வித்தோட குத்தம் இல்லைன்னு பின்னாடி பார்க்கிறப்பப் புரியும்.

"ஏற்கெனவே ஆயிரம் வேலை, இதுல இது வேறயா"ன்னு நினைக்கிறீங்க. மாசத்தில் ரெண்டு வேளை, வேளைக்கு அஞ்சு நிமிஷம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மை இருந்தா, பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதட்டும். பிளஸ் டூ முடிச்சுட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கூட்டமைப்பு பயிற்சி கொடுத்து, வீடு வீடாப் போய் அளக்க வைக்கலாம். அதுக்கு ஒரு ஊதியமும் கொடுக்கணும். அடுத்தவங்க வந்து அளந்தாத்தான் கணக்குக்கும் மதிப்பு.

ஒண்ணை நேராச் சொல்லிடுறேன். நாம நோட்டு எழுதுறதால மட்டும் ஊட்டிக் காளை தேர்வாயிராது. அதுக்குத் துறையும் ஆவினும் பால்வள வாரியமும் நடத்துற பதிவுத் திட்டம் வேணும். ஆனா நம்ம நோட்டு ரெண்டு வேலை செய்யும். எந்தத் தாயோட கிடேரியை வளர்க்கணும், எதை விக்கலாம்னு நம்ம வீட்டுக்குச் சொல்லும். பிறகு, "எங்க ஊர்ல நூறு மாட்டுக்கு மூணு வருஷக் கணக்கு இருக்கு, எங்களைத் திட்டத்தில் சேருங்க"ன்னு கேட்டு நிக்கிற உரிமையைக் கொடுக்கும். வெறுங்கையோட போய்க் கேட்கிறதுக்கும், புத்தகத்தோட போய்க் கேட்கிறதுக்கும் வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியா ரெண்டு விஷயத்தைக் கூட்டமைப்பு தீர்மானமாப் போடணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, பேர். சாணி அள்ளுறது நாம, புல்லு அறுக்கிறது நாம, கறக்கிறது நாம. காது வில்லை பதிவு யார் பேர்ல இருக்கு? பால் சங்க உறுப்பினர் யார்? பல வீட்டில் வீட்டுக்காரர் பேர்தான். பேர் எங்கே இருக்கோ அங்கேதான் பால் பணம் போகும், போனஸ் போகும், கடன் போகும், காப்பீட்டுப் பணமும் போகும். 2011-ல் அரசு தொடங்கின விலையில்லாக் கறவைப் பசுத் திட்டத்தில் மாடு பெண்கள் பேருக்கே வந்தது. அரசாங்கத்துக்குத் தெரிஞ்சது நம்ம வீட்டுக்குத் தெரியலைன்னா எப்படி? சண்டை போட வேண்டாம். அடுத்த கன்னுக்கு வில்லை போடும்போது, "என் பேர்ல எழுதுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கணக்கு எழுதுறவ பேர்லதான் மாடும் இருக்கணும்.

ரெண்டு, கிடேரி. பத்து மாசக் கறவையை அளந்து, காளை எண்ணை எழுதி, நல்ல தாய்க்கு நல்ல காளையால பிறந்த கிடேரின்னு தெரிஞ்ச பிறகும், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாசத்திலயோ, தீபாவளிக்கு முந்தின வாரத்திலயோ, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்த அன்னைக்கோ அது சந்தைக்குப் போயிருது. ரெண்டே கால் வயசு வரைக்கும் பால் தராது, தீவனம் மட்டும் தின்னுது, அதனால முதல்ல விக்கிறது அதைத்தான். அது தப்புன்னு யாரையும் சொல்ல முடியாது. முடை வந்தவளுக்குத்தான் அது தெரியும். ஆனா அந்த ஒரு விலைக்கு நாலு வருஷ உழைப்பும் சேர்ந்து போகுது. வாங்கினவருக்கு அதோட அருமையும் தெரியாது.

அதனால நம்ம உள்கடன்ல கிடேரிக் கடன்னு ஒரு வகை வைக்கலாமேன்னு கேட்கிறேன். பதிவுள்ள தாயோட கிடேரியை விக்கிற நிலைமை ஒரு உறுப்பினருக்கு வந்தா, அந்தச் சமயத்துக்கு வேண்டிய தொகையைக் குழு கொடுக்கணும். தலையீத்து ஈன்று பால் ஊத்த ஆரம்பிச்ச பிறகு தவணை கட்டினாப் போதும்னு விடணும். அப்படியும் விக்கத்தான் வேணும்னா, வெளியே போறதுக்கு முன்னாடி நம்ம குழுவிலேயே இன்னொரு உறுப்பினருக்கு, அந்த நோட்டுப் பக்கத்தோட சேர்த்து விக்கட்டும். நோட்டோட வர்ற கிடேரிக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தரகருக்குக் கொடுக்கிற கமிஷனை விட அது லாபம். இதை எப்படி நடத்துறது, வட்டி எவ்வளவு, எத்தனை பேருக்குன்னு கணக்குப் போட உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளா எடுத்துப் பேசுங்கன்னு மட்டும் கேட்டுக்கிறேன்.

மணி ரெண்டே முக்கால் ஆகுது. வாசல்ல பொருளாளர் அக்கா தொங்கு தராசும் நோட்டும் வச்சிருக்காங்க, போறப்ப குழுவுக்கு ஒண்ணு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போங்க. இன்னைக்குச் சாயங்காலக் கறவையே முதல் வரியா இருக்கட்டும்.